கூலிக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

சம்பளம் பற்றிய கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால் இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அதற்குத்தான். ஏறக்குறைய எல்லோருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். முதலெழுத்தும் பகுதியும் மட்டும் கொடுத்திருக்கிறேன். நான் தொழிலாளர் துறையில் ஆய்வராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வக்கீல் யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். கான்ட்ராக்டர்தான் சம்பளம் போடுகிறார். பிடித்தம் போக 10,500 ரூபாய் கைக்கு வருகிறது. என் நாத்தனாருக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இதே வேலை. அவளுக்கு என்னைவிட எவ்வளவோ அதிகம். இரண்டு பேரும் துடைப்பது தரைதானே? – ம.க., பெருங்குடி

தரை ஒன்றுதான் அம்மா. யாருடைய தரை என்பதில்தான் வித்தியாசம்.

விமான நிலையம், ரயில்வே, பெரிய துறைமுகம், வங்கி, இன்சூரன்ஸ், தொலைத்தொடர்பு, சுரங்கம் இதெல்லாம் மத்திய அரசின் ஊதிய வரம்புக்குள் வரும். அங்கே வேலை செய்யும் கான்ட்ராக்டரின் ஆட்களும் அதே வரம்புக்குள்தான். உங்கள் ஐ.டி. கட்டடம், கடை, ஓட்டல், தனியார் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் மாநில அரசின் கணக்கு. மத்திய அரசு துப்புரவுக்கும் ஏற்று இறக்கு வேலைக்கும் 2024 அக்டோபர் 1 முதல் ‘ஏ’ பகுதிக்கு அறிவித்த திறன்சாராத் தொழிலாளியின் நாள் கூலி ரூ.783. 26 நாளுக்கு ரூ.20,358. சென்னை அந்த ‘ஏ’ பகுதியில் இருக்கிறது. விலைவாசிக்கு ஏற்ப ஏறும் பஞ்சப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலுமாக வருஷத்துக்கு இரண்டு முறை திருத்தப்படும். உங்கள் நாத்தனாரின் சம்பளம் இந்தக் கணக்கில் வருவது.

இது எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? அண்ணா சாலையில் ஒரு கட்டடத்தில் கீழ்த்தளத்தில் வங்கிக் கிளை, மேலே கண்ணாடிக் கடை என்று வைத்துக்கொள்வோம். கீழே வங்கிக்காகக் கூட்டுகிற அம்மாவுக்கு டெல்லி போட்ட கூலி. மாடியில் கடைக்காகக் கூட்டுகிறவருக்குக் கோட்டையில் போட்ட கூலி. படிக்கட்டு இருவருக்கும் பொது.

மாநிலக் கணக்கில் இன்னும் கிளைகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒரே ஒரு குறைந்தபட்ச ஊதியம் என்று கிடையாது. கடைகளுக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று, கட்டுமானத்துக்கு ஒன்று, பீடிக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று என்று தொழிலுக்குத் தொழில் தனித்தனி அரசாணை. ஒவ்வொன்றுக்குள்ளும் வேலையின் தரம் பிரித்திருக்கும். பலவற்றில் ஊரின் தரமும் பிரித்திருக்கும்: மாநகராட்சி ஒரு மண்டலம், சின்ன நகராட்சி ஒரு மண்டலம், மற்ற ஊர்கள் ஒரு மண்டலம். உங்கள் பெருங்குடி 2011 வரை பேரூராட்சி. அந்த வருஷம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பழைய ஊர்க் கணக்கையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் கான்ட்ராக்டர்கள் உண்டு, அதையும் ஒரு கண் பாருங்கள்.

அடுத்தது, கைக்கு வரும் தொகையை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். சட்டம் பார்ப்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகையை. பி.எப்.பில் உங்கள் பங்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.யில் 0.75 சதவீதம். அவ்வளவுதான் உங்களிடம் பிடிக்கலாம். முதலாளி பங்கையும் சேர்த்து உங்கள் தலையிலேயே கட்டுவது இந்த ஹவுஸ்கீப்பிங் தொழிலில் சர்வசாதாரணமாக நடக்கிறது. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி தர வேண்டிய 3.25 சதவீதம் உங்கள் சீட்டில் பிடித்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘யூனிபார்ம்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால், முதல் புகார் அதுதான்.

கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் அந்தக் கட்டடத்தில் வேலை வாங்கும் கம்பெனி கொடுத்தாக வேண்டும். இதைக் கம்பெனியின் எச்.ஆர். துறைக்கு எழுத்தில் தெரிவித்தாலே பல இடங்களில் கான்ட்ராக்டரின் குரல் இறங்கிவிடும்.

கேள்வி: குறைந்தபட்ச ஊதியத்தை எந்த அடிப்படையில் நிர்ணயிக்கிறார்கள்? யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து ஒரு எண்ணை எழுதிவிடுவாரா? – வி.ஆர்., பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு, சேப்பாக்கம்

எழுதுவது அதிகாரிதான். ஆனால் அதற்கு ஒரு சூத்திரம் உண்டு தம்பி, அதைத் தெரிந்துகொள்வது சுவாரஸ்யமான விஷயம்.

1948-ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. எவ்வளவு என்பதற்கு அளவுகோல் அதில் இல்லை. 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடுதான் அதைச் சொன்னது. ஒரு குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர். உண்பவர்களை மூன்று ‘அலகு’ என்று எடுத்துக்கொள். ஒவ்வொரு அலகுக்கும் நாளைக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி. அதோடு வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம்.

மூன்று அலகு எப்படி வந்தது என்றால், கணவன் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலைக்கு 0.6. கூட்டினால் மூன்று. சித்தாளாகச் செங்கல் சுமந்து சாரம் ஏறுகிறவளுக்கு 0.8 போட்டவர் சாரம் கட்டிய இடத்தை எட்டிப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைப்பேன். அப்பா அம்மா என்று இரண்டு பேர் வீட்டில் இருப்பதே இந்தக் கணக்கில் கிடையாது. நான் சென்னையில் பார்த்த தொழிலாளி வீடுகளில் பாதியிலாவது மூலையில் ஒரு கட்டிலும் அதில் ஒரு பெரியவரும் இருப்பார்கள்.

1991-ல் உச்ச நீதிமன்றம் இதில் ஒன்றைச் சேர்த்தது. ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்துக் கம்பெனியின் தொழிலாளர்கள் போட்ட வழக்கு. நம் ஊர் ஆலையில் கிளம்பியது. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, கல்யாணம் இவற்றுக்காக இன்னொரு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நாடு முழுக்க இன்றைக்கும் கூலி வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

இப்போது ஒரு வேடிக்கை. பழைய கூலிச் சட்டங்களை ஒன்றாக்கிய புதிய ஊதியச் சட்டத்தொகுப்புக்காக மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட வரைவு விதிகளில் துணி 66 மீட்டர் என்றிருந்தது. 72 கெஜத்தை மீட்டராக்கிப் பார், அதே 66 மீட்டர்தான் வரும். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மாறியது அளவுகோல் மட்டும்.

நடைமுறைக்கு வருவோம். மாநில அரசு ஒரு குழு போடும். அதில் முதலாளிகளும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள், வெளியார் சிலரும் இருப்பார்கள். குழு போடாமல் நேராக வரைவு அறிவிக்கையை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பிறகு இறுதி செய்யும் வழியும் உண்டு. ஐந்து வருஷத்துக்குள் ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்பது சட்டம்.

இடைப்பட்ட காலத்தில் ஏறுவது பஞ்சப்படி மட்டும். அடிப்படை ஊதியம் அப்படியே நிற்கும். சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் முந்தைய ஜனவரி–டிசம்பர் சராசரியை எடுத்து, அரசாணையில் குறித்த புள்ளிக்கு மேல் எத்தனை புள்ளி ஏறியதோ, புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்குவார்கள். கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எண் சொல்கிறேன்: அடிப்படை 6,000, புள்ளிக்கு 25 ரூபாய், ஏறியது 200 புள்ளி என்றால் பஞ்சப்படி 5,000, மொத்தம் 11,000. ஏப்ரல் 1 முதல் புதுத் தொகை. திருவண்ணாமலைக் கடைப் பையனின் பஞ்சப்படியும் சென்னைக் குறியீட்டெண்ணை வைத்துத்தான். ஏப்ரல் மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்றால் அந்த நிறுவனத்தில் யாருமே அந்தச் சுற்றறிக்கையைப் படிக்கவில்லை என்று அர்த்தம். அல்லது நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

டெல்லியில் மொத்த நாட்டுக்கும் ஒரு அடிமட்டத் தொகை என்று ஒன்று உண்டு. 1996-ல் நாளுக்கு 35 ரூபாயில் தொடங்கி 2017-ல் 176 ரூபாய்க்கு வந்தது. 2019-ல் அனூப் சத்பதி குழு 375 ரூபாய் என்று பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. அந்த 176-க்குச் சட்ட வலு கிடையாது. புதிய சட்டத்தொகுப்பில்தான் அடிமட்ட ஊதியத்துக்குச் சட்ட வலு. மாநிலங்கள் அதற்குக் கீழே போக முடியாது, ஏற்கனவே அதற்கு மேல் இருப்பவர்கள் குறைக்கவும் முடியாது.

கேள்வி: தி.நகரில் பெரிய துணிக்கடையில் சேல்ஸில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி பத்தாகும். பேங்கில் 14,000 போடுவார்கள். சம்பளம் விழுந்த மறுநாள் சூப்பர்வைசர் 4,000 திருப்பி வாங்கிக்கொள்வார். சில பெண்களின் ஏ.டி.எம். கார்டு ஆபீஸிலேயே இருக்கிறது. கேட்டால் ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்வார்கள். என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? – ஒரு வாசகி

உங்களிடம் நிறைய ஆதாரம் இருக்கிறது அம்மா. அவர்களிடம் இருப்பதைவிட அதிகம்.

நான் ஆய்வுக்குப் போகும் கடைகளில் பதிவேடுகள் எப்போதும் பளிச்சென்று இருக்கும். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் 9.30-க்கு வந்து 6.30-க்குப் போயிருப்பார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகூடப் பாதிப் பேருக்கு வார விடுமுறை என்று எழுதியிருக்கும். வருஷம் முழுக்க ஒரே பேனா, ஒரே அழுத்தம். அதை மூடி வைத்துவிட்டு நான் கேட்பது பில் புத்தகத்தை, அல்லது கம்ப்யூட்டர் பில் நகலை. பில்லில் நேரம் அச்சாகிறது. சேல்ஸ் ஆளின் கோடு எண்ணும் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் ஆறரைக்கு வீட்டுக்குப் போன பெண்ணின் எண்ணில் 9.47-க்குப் பட்டுப்புடவை விற்றிருக்கும். அதற்குப் பிறகு மேனேஜர் காபி வரவழைப்பார்.

அந்த எண் உங்களுக்கும் ஒன்று இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்பப் பிடிப்பதற்கும் தடயம் உண்டு. கார்டு ஆபீஸில் இருக்கிறது என்றால் அவர்கள் மொத்தமாகத்தான் எடுப்பார்கள். உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். சம்பளம் விழுந்த மறுநாள், ஒரே ஏ.டி.எம்.மில், இரண்டு நிமிஷ இடைவெளியில், பத்துப் பெண்களின் கணக்கிலும் அதே 4,000 எடுத்திருப்பது தெரியும். இரண்டு பேரின் அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். சூப்பர்வைசரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் சுலபம்.

தமிழ்நாடு கடைகள் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். கூடுதல் வேலை சேர்த்தாலும் நாளைக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது. கூடுதல் மணிக்கு இரட்டைச் சம்பளம். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்பது 2021-ல் அந்தச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. ரங்கநாதன் தெருவில் நடந்தால் ஸ்டூல் இருப்பது தெரிகிறது. அதில் யாராவது உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. 1948-ஆம் வருஷச் சட்டம் அதற்குள் போய்விட்டது. முரண்படாத பழைய அறிவிக்கைகள் செல்லும். உங்களுக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் அதில் உண்டு. சம்பளம் குறைவாகத் தந்தார் என்று மனுப் போட்டால், முழுதாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. முன்பு பாக்கி கேட்க ஆறு மாதம்தான் அவகாசம், இப்போது மூன்று வருஷம். பாக்கியோடு அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

ஹாஸ்டல் பயம் இருக்கும்போது மனுவில் உங்கள் கையெழுத்து இருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பதிவு பெற்ற தொழிற்சங்கம் உங்களுக்காக மனுப் போடலாம், ஆய்வாளரும் போடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சங்கத்துக்குத்தான் போவேன்.

கேள்வி: ராயப்பேட்டையில் சின்ன மெஸ் நடத்துகிறேன். நாலே பேர். பரோட்டா மாஸ்டருக்கு நாளுக்கு 1,000 ரூபாய். பாத்திரம் கழுவும் பையனுக்கு 250. மூன்று வேளை சாப்பாடு, தங்க இடம் எல்லாம் இலவசம். அதைச் சேர்த்தால் சட்டம் சொல்வதைவிட அதிகம்தான். இல்லாவிட்டால் எனக்குக் கட்டுப்படியாகாது. – எஸ்.எம்.

மாஸ்டரின் ஆயிரம் ரூபாய்க்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனால் எதிர்க்கடையில் மறுநாள் கல் போட்டுவிடுவார், அதனால் கொடுக்கிறீர்கள். குறைந்தபட்ச ஊதியம் என்பதே அந்தப் பாத்திரம் கழுவுகிறவருக்காக வந்தது.

நாலு பேர்தான் என்பதால் விலக்கு இல்லை. சாப்பாட்டுக்கு நீங்களாக ஒரு விலை போட்டுக் கூலியில் கழிக்கவும் முடியாது. எதை, எவ்வளவுக்குக் கழிக்கலாம் என்பதை அரசு அனுமதித்திருக்க வேண்டும். ஓட்டல் தொழிலுக்கான அரசாணையை வாங்கிப் படியுங்கள், கேட்டால் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுப்பார்கள்.

கட்டுப்படியாகாது என்ற வாதம் 1961-லேயே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கேரளாவில் கூரை ஓடு செய்யும் தொழிற்சாலை முதலாளிகள் போட்ட வழக்கு. குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழிலை நடத்த வேண்டிய அவசியமில்லை என்ற அளவுக்குத் தீர்ப்பு கறாராகவே இருந்தது. உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. சிலிண்டர் விலை, வாடகை, அட்வான்ஸ் எல்லாம் ஏறும்போது ‘கட்டாது’ என்று அவர்களிடம் சொல்லிப் பார்க்கவா முடிகிறது? கூலியிடம் மட்டும்தான் அப்படிச் சொல்லத் தோன்றுகிறது.

‘பையன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, வயது என்ன? 14-க்குக் கீழே என்றால் இந்தப் பதில் முழுக்கவே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கேள்வி: சிறுசேரி சைட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒடிசா, பீகார் ஆட்கள் 550 ரூபாய்க்கே வருகிறார்கள். நம்மூர் ஆள் 900 கேட்கிறான். அவர்களே சம்மதித்து வருவதில் சட்டத்துக்கு என்ன? – பெயர் இல்லை

சம்மதம் செல்லாது. குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதம் செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. கட்டுமானத்துக்கு அரசு போட்ட தொகை எந்த மாநிலத்து ஆளுக்கும் ஒன்றுதான். அவர் வேலை செய்யும் ஊரின் தொகைதான் கணக்கு, அவர் ஊரின் தொகை அல்ல. 1982-ல் ஆசிய விளையாட்டு மைதானக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றே சொன்னது. பசியும் ஒரு கட்டாயம்தான் என்பது அதன் சாரம்.

ஊரிலேயே ஏஜென்ட் கொடுத்த முன்பணத்தை வாராவாரம் கழிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் கேட்கிறேன்.

கேள்வி: ஆவடியில் ஒரு தையல் யூனிட்டில் பீஸ் ரேட்டில் வேலை. துணி லேட்டாக வந்தாலோ கரண்ட் போனாலோ அன்றைக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது. பீஸ் ரேட்காரர்களுக்கு இந்தச் சட்டம் உண்டா? – ஜே.எல்.

உண்டு. பீஸுக்கென்று தனித் தொகை அறிவிக்கப்படாமல் நாள் தொகை மட்டும் அறிவிக்கப்பட்டிருந்தால், அந்த நாள் தொகைக்குக் குறையாமல் தர வேண்டும். வேலைக்கு வந்து உட்கார்ந்திருந்து, துணி வராததாலோ கரண்ட் இல்லாததாலோ வேலை ஓடவில்லை என்றால் முழு நாள் கூலி உங்களுக்குச் சேர வேண்டியது. நீங்களே வேலை செய்ய மறுத்தால்தான் இல்லை. இந்த ஒரு விதி மட்டும் ஒழுங்காக நடந்தால் தையல் யூனிட்களில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

உங்கள் தொழிலின் கதை கொஞ்சம் சோகமானது. தையல், ஆயத்த ஆடைத் தொழிலுக்கு 2004-க்குப் பிறகு 2014-ல்தான் தமிழ்நாட்டில் கூலியைத் திருத்தினார்கள். உடனே முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. பன்னிரண்டு வருஷம் ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு அடிப்படைக் கூலி அசையவே இல்லை. கூலியைக் கொடுக்காமல் இருப்பதைவிட, கூலி நிர்ணயத்தைத் தள்ளிப் போடுவது முதலாளிக்கு லாபம். முதலாவதற்கு அபராதம் உண்டு, இரண்டாவதற்கு எதுவும் கிடையாது. என் பணிக்காலம் முழுக்க நான் கண்ட பெரிய ஓட்டை இதுதான். ஆய்வர் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் இதை அடைக்க முடியாது. அரசாணை பழசாக இருந்தால் நான் அமல்படுத்துவதும் பழைய கூலியைத்தானே?

கேள்வி: அதிகாரிகள் ஏன் திடீர் சோதனை போடுவதில்லை? – டி.கே., வடபழனி

போடுவதுண்டு, போதாது. ஓர் ஆய்வர் கையில் கடைகள், ஓட்டல்கள், ஒர்க்‌ஷாப்புகள் என்று ஏராளம். அதோடு எடைக்கல், தராசு முத்திரை வேலையும் தொழிலாளர் துறையின் தலையில்தான் இருக்கிறது. முன்பு குறைவாகக் கூலி கொடுத்தால் ஆறு மாதம் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் என்று 1948-ல் எழுதிய தொகை கடைசிவரை அப்படியே இருந்தது. நீதிமன்றத்துக்கு வந்து போகும் ஆட்டோ செலவைவிட அபராதம் குறைவு என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சிரித்தபடி சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இப்போது அது 50,000 ரூபாய் வரை. ஐந்து வருஷத்துக்குள் மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இது நல்ல மாற்றம். ஆனால் ஆய்வருக்கே ‘ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர்’ என்ற பொருளில் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கே ஆய்வு என்பதை இணைய வழியில் குலுக்கிப் போடும் முறையும் வருகிறது. சில குற்றங்களுக்கு வழக்குப் போடுமுன் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பும் தர வேண்டும். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. புகார் வந்த கடைக்கு அன்று மாலையே போனால்தான் உண்மைக் கணக்கு எழுதி வைத்திருக்கும் இரண்டாவது நோட்டு அகப்படும்.

கேள்வி: வீட்டு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டா? – கே.பி., மந்தைவெளி

உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியலில் வீட்டுவேலையும் இருக்கிறது, நலவாரியமும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் எந்த ஆய்வர் வருவார்? நாலு வீட்டில் வேலை செய்யும் அம்மாக்கள் அபார்ட்மென்ட் வாசலில் நின்று தங்களுக்குள் ஒரு ரேட் பேசிக்கொள்கிறார்களே, இப்போதைக்கு அதற்குத்தான் பலம் அதிகம்.

கேள்வி: டெலிவரி வேலை பார்க்கிறேன். ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்றுதான். எனக்கு? – எம்., கொளத்தூர்

நீங்கள் ‘தொழிலாளி’ இல்லை, ‘பார்ட்னர்’ என்பது கம்பெனியின் நிலை. அதனால் குறைந்தபட்ச ஊதியம் உங்களுக்கு எட்டவில்லை. மாநிலத்தில் உங்களுக்கென நலவாரியம் இருக்கிறது, அதில் பதிவு செய்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு பதிவு செய்ய ஓடுவதில் பயனில்லை.

கேள்வி: என் மகன் கோலாலம்பூரில் இருக்கிறான். அங்கே நாடு முழுக்க ஒரே தொகை என்கிறான். இங்கே மட்டும் ஏன் இத்தனை பட்டியல்? – ராமாபுரத்திலிருந்து ஒரு தந்தை

மலேசியாவிலும் ஆரம்பத்தில் ஒரே தொகையாக இல்லை ஐயா. 2013-ல் தொடங்கியபோது தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட், சபா, சரவாக்குக்கு 800. பிறகுதான் ஒன்றாக்கினார்கள். 2025-ல் 1,700 ரிங்கிட் ஆனது. பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் பொதுவான குறைந்தபட்ச ஊதியமே இல்லை. துப்புரவு, காவல் போன்ற தொழில்களுக்குத் தனித்தனிப் படிநிலை ஊதியம் வைத்திருக்கிறார்கள். தொழில்வாரியாகப் பிரிப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தொழிலாளி தன் வரியைத் தானே தேடிக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் பிரிப்பதுதான் தப்பு. பேருந்து நிலையத்தில் கட்டணப் பட்டியல் எழுதிப் போடுகிறோம். வேலை செய்யும் இடத்தில் கூலிப் பட்டியலை எழுதி ஒட்ட வேண்டும் என்பதும் சட்டம்தான். உங்கள் தெருவிலிருக்கும் கடைகளில் எத்தனை இடத்தில் அது கண்ணில் படுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: புகார் கொடுக்க எங்கே போவது, என்ன எடுத்துப் போவது? – பலர்

மாநில வரம்பு என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை. விமான நிலையம், துறைமுகம், ரயில்வே, வங்கி கான்ட்ராக்ட் ஆட்கள் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். மாற்றிப் போனால் ‘இங்கே இல்லை’ என்ற பதிலுக்காகவே ஒரு நாள் கூலி போய்விடும்.

வேலையில் சேர்ந்த தேதி, வேலையின் பெயர், தினமும் வந்து போகும் நேரம், மாதாமாதம் கைக்கு வந்த தொகை, கான்ட்ராக்டர் பெயர், வேலை நடக்கும் இடத்தின் முகவரி இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். வங்கி அறிக்கை, இ.எஸ்.ஐ. கார்டு, அடையாள அட்டை, வாட்ஸ்அப் குரூப்பில் சூப்பர்வைசர் ஷிப்ட் போடும் செய்தியின் படம், எது இருந்தாலும் நகலாக இணையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டில் இன்றிலிருந்தே வந்த நேரம், போன நேரம் எழுத ஆரம்பியுங்கள். பாதியில் எழுதத் தொடங்கினோமே என்று கவலை வேண்டாம். மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகே வெளியே வாருங்கள்.